பாலனுக்கு ஒரு பழைய துணி

அடுத்த வீட்டு அக்கா நம்மிடம் பேசிக்கொண்டே நம் வீட்டு மேசைத்துணியின் ஓரத்தை இழுத்து நேராக்குகிறார். மேலே இருந்த தண்ணீர்க் குவளை என்ன ஆயிற்றோ என்று நாம் பதறுவதற்குள் அது அவருடைய இடது கையில் இருக்கிறது. துணி நேரானதும் குவளை பழைய இடத்துக்கே வந்துவிடும். இதற்கிடையில் பேச்சு ஓரிடத்திலும் அறுபடவில்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் மடிப்பக்கா. கட்டடத்தின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத நீண்ட கூடம். வார்டுகளின் அழுக்குத் துணி ஒரு கதவு வழியாக வரும், வெளுத்தது எதிர்க்கதவு வழியாகப் போகும். நடுவே ஆளுயர இயந்திரங்கள். அவற்றில் மிகப் பழையதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருக்கிறார். பெரியவர் அதிர்ந்து நகரத் தொடங்கினால் பக்கவாட்டில் ஒரு தட்டு. "கோவிச்சுக்காதீங்க, இன்னும் ஒரே ஒரு சுத்து."

உலர்ந்த விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சொரசொரத்தால் மறுபடி அலசல். படுத்தே கிடப்பவருக்கு நாள் முழுக்க முதுகில் படுவது அதுதானே என்று காரணம் சொல்வார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அழுக்குக் கூடையைத் திறந்து முகத்தைத் திருப்பினால் திட்டுவதில்லை. "துணிக்கு வெக்கம் கிடையாதும்மா. நமக்குத்தான்" என்று சொல்லித் தானே முதல் துணியை எடுப்பார்.

அவரால் பொறுக்கவே முடியாதது கோணல் மடிப்பு. தேவாலயத்தில் பீடத்துணி ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் அன்றைய பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை என்று பங்குச் சாமியாரிடமே சொன்னவர். அதிலிருந்து கோயில் துணிகள் எல்லாம் அவர் பொறுப்பு. வேதத்தில் தன் தொழிலைப் பற்றி இரண்டு இடங்கள் வருவதாக அவருடைய கணக்கு. ஒன்று, பிறந்த இயேசுவைத் தாய் துணியில் சுற்றியது. மற்றது கல்லறையில். "உயிர்த்து எழுந்து போறாரு, எவ்வளவு பெரிய காரியம். அப்பவும் தலைத்துணியைத் தனியா சுருட்டி வெச்சுட்டுத்தான் போயிருக்காரு. அம்மா வளர்ப்பு அப்படி."

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் பாலன் சுரூபத்துக்கு அவர் இடுப்புத்துணி கட்டிவிடுவார். சுரூபத்தில் ஏற்கெனவே செதுக்கி, தங்கப் பூச்சுக் கொடுத்த ஆடை இருக்கிறது. அதை மறைக்கிறாரே என்று குடில் கட்டும் தச்சருக்கு வருத்தம்.

"தங்கமாப் பூசி வெச்சிருக்கு, அதுமேல போய்ப் பழந்துணியைக் கட்டுறீங்களேக்கா."

"தங்கம் பூசினா பிள்ளை ஈரம் பண்ணாதா?"

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வருத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டியவர். நிறுத்தத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற குரல். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு குரல் தேறிவிட்டது. கைகாலும் சிறுநீர்க் கட்டுப்பாடும் தேறவில்லை. கட்டில், சக்கர நாற்காலி, சன்னல், அவ்வளவுதான் அவருக்கு. அக்கா துணி மாற்றும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வார்டுக் கதை, பெரியவர் கதை என்று அக்கா பேசிக்கொண்டே மாற்றுவார். கோயிலுக்குக் கூப்பிட்டால் மட்டும் பதில் உடனே வரும். "அங்கே வந்து நாறச் சொல்றியா?"

சாமியார் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுக்கிறேன் என்றார். அதற்கும் கதவு திறக்கவில்லை. கணவர் சன்னலோடு மட்டும் பேசுகிற மனிதராகிக்கொண்டிருந்தார். துணியில் எந்தக் கறையையும் விட்டுவைக்காத அக்காவுக்கு இதற்கு என்ன போடுவதென்று தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரனான என்னிடம் ஒருமுறை அதைச் சொன்னபோது, என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டுதான் சொன்னார்.

இந்த ஆண்டு, சுரூபங்கள் வைக்கும் கோயில் உள்ளறையின் கூரை ஒழுகியது. குடில் எழும்பும் வரை பாலன் எங்கே இருப்பார் என்ற கேள்விக்கு, நான் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றார் அக்கா. கட்டிலுக்கு அருகே இருந்த அலமாரித் தட்டில் வைத்தார். கணவருக்குத் துணி மாற்றி முடித்த கையோடு பாலனுக்கும் ஒன்று கட்டினார். அவர் சுவர்ப்பக்கமிருந்து தலையைத் திருப்பினார்.

"அது என் துணி மாதிரி இருக்கே."

"உங்க துணிதாங்க. பழைய விரிப்பைக் கிழிச்சேன்ல, அதுல மிஞ்சினது. நல்லா மெத்துனு இருக்கு."

"சாமிக்குப் போயா?"

"பொறந்த பிள்ளைதானேங்க. யாராவது மாத்தி விட்டுத்தானே ஆகணும்."

அக்கா மீதித் துணிகளை மடித்து முடிக்கும்போதுதான், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கணவர் கேட்டாராம்.

"அவருக்கு வெக்கமா இருந்திருக்காதா?"

"வெக்கம் பார்த்திருந்தா வந்திருக்கவே மாட்டாருங்க."

அதன் பிறகும் அக்கா அவரைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அந்தப் பழைய பதில் வந்துவிடுமோ என்று பயம். கிறிஸ்துமஸ் காலை, பாலனை ஒரு துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது. பேருந்து ஓட்டிய காலத்துக் குரல். எனக்கே சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"மாத்துத்துணி ரெண்டு எடுத்து வெச்சுக்கோ."

சக்கர நாற்காலியைப் படியிறக்க என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தார். பாலன் அவர் கணவரின் மடியில் இருந்தார்.

பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் வந்து பாலனின் பாதத்தை முத்தமிட்டார்கள். இத்தனை பேர் தொட்டதில் இடுப்புத்துணி நெகிழ்ந்து, ஒரு முனை தொங்கியது. நாற்காலி கடைசியாகக் குடிலருகே வந்தது. அவர் இடக்கையை நீட்டினார். அந்த முனையைப் பிடித்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்து, ஒருவாறு உள்ளே செருகினார். கோணலிலும் கோணல். ஓரம் ஒன்று பிதுங்கி வெளியே நின்றது.

அக்காவின் கை தன்னால் முன்னே போனது. பாதி வழியில் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டார்.