சாக்கு எழுத்தும் பாறை எழுத்தும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துகொண்டது. எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. மலைக்குத் தார் ரோடு போட்ட காலம், எனக்கு மூத்த பிள்ளை பிறக்காத காலம், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது அடிவாரத்தில், படவேட்டுப் பக்கம். அங்கே பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கினார்கள். சுழி நடுவில் அறுந்தால் தலையில் குட்டு விழும். மலைமேல் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த ஊரில் எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அதனால் புளிக் காலம் வந்தால் எங்கள் வீட்டுச் சாக்குகளுக்கு நானே எழுத்துப் போடுவேன். சந்தவாசல் மண்டியில் மற்றவர்கள் மூட்டையோடு கலந்துவிடக் கூடாதே. வீட்டுக்காரர் பேர், ஊர்ப் பேர், மண்டிக்காரர் பேர், கொட்டை எடுத்த புளியா எடுக்காததா, எல்லாம் எழுத வேண்டும்.

ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தாரை ஒரு டின்னில் வைத்திருந்தோம். அதைச் சுடவைத்து, வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கி, தொட்டுத் தொட்டு எழுதுவேன். சாக்கு தாரைக் குடித்துவிடும். ஒரு சுழி முடிவதற்குள் குச்சி காய்ந்துபோகும். பாதியில் எடுத்து, மறுபடி தொட்டு, மீதியைப் போட வேண்டும். அந்த இடத்தில் சாமை மணி நுழைகிற அளவு இடைவெளி விழும். சாக்கில் யார் எழுதினாலும் அப்படித்தான்.

நான் எழுதிய சாக்கின் வாயை என் நாத்தனார் தைப்பாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண். தைத்து முடித்ததும் காய்ந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இது இன்னா அண்ணி?" என்று எப்போதாவது கேட்பாள். நானும் சொல்லுவேன். விளையாட்டு என்று நினைத்தேன்.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. பக்கத்து ஊர்க்காரர், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், தலை பாதி நரைத்துவிட்டது. காடும் மாடும் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். பாக்கு மாற்றி நிச்சயம் பண்ண அவர்கள் வந்த காலையில், ஊருக்குள் திரும்பும் வளைவில் இருக்கிற பெரிய பாறையில் தாரால் எழுதியிருந்தது. "பொண்ணுக்கு வலிப்பு." யார் வீட்டுப் பெண் என்று இல்லை. ஆனால் அன்றைக்குப் பாக்கு மாற்ற இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். வந்தவர்களில் ஒருத்தர் அதை உரக்கப் படித்தாராம். வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

அவளுக்கு வலிப்பு கிடையாது. தலைவலி என்று படுத்துக்கூட நான் பார்த்ததில்லை.

"இந்த வூட்ல தார்க்குச்சி புடிக்கிறது யாரு? அவ உனுக்கு இன்னா பண்ணா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் எழுதலீங்க."

"நீ எழுதலன்னா டின்னு எழுந்து போய் எழுதிச்சா? உன் கைதான்னு தெரியட்டும், அப்பறம் உங்கம்மா வூட்டோட இருந்துக்கோ."

நான் போய்ப் பாறையைப் பார்த்தேன். அந்தக் கொம்பு, அந்த 'வ' சாய்கிற சாய்ப்பு, எல்லாம் என் எழுத்து. தூக்கத்தில் எழுந்துபோய் நானே எழுதினேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஊரில் இன்னொரு பேச்சும் இருந்தது. ஊர்ப் பெரியவரின் மகன் கலசப்பாக்கத்தில் டைப் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் தொடைமேல் பத்து விரலும் தட்டிக்கொண்டே இருக்கும். அவன் கையெழுத்தும் மிஷின் மாதிரி ஆகிவிட்டது, ஒவ்வொரு எழுத்தும் தள்ளித் தள்ளி நிற்கும். "பாறையில எழுத்து வுட்டு வுட்டு கீது, அவன் கைதான்" என்று கிணற்றடியில் பேசினார்கள். அது பெரியவர் காதுக்கும் போயிருக்கும். எழுதியவள் நான் என்று ஆகிவிட்டால் அவர் பிள்ளை தப்பிப்பான். அதற்காகவே ஊரைக் கூட்டினாரோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதே பாறையில் அதே எழுத்தை எழுதிக் காட்ட வேண்டும் என்றார். அவர் மகன் எழுதினான். எழுத்துகள் வரிசை பிடித்து நின்றன, ஆனால் ஒவ்வொன்றும் முழுசாக இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஆண்கள் எதிரில் நிமிர்ந்துகூட நிற்காதவள் நான். "மஞ்ச பூசற கையில தாரப் பூசிக்கினு நிக்கிறா பாரு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

எழுதினேன். பாறை தாரைக் குடிக்கவில்லை. குச்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. மணலில் பழகிய சுழி அறுபடாமல் விழுந்தது.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த எழுத்தைச் சரியாகப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு 'ண'விலும் சுழி பாதியில் அறுந்து, சாமை மணி அளவு விட்டு, மறுபடி தொடங்கியிருந்தது. பாறையில் அப்படி விடத் தேவையே இல்லை. அந்த இடைவெளியும் எழுத்தைச் சேர்ந்ததுதான் என்று நம்புகிற ஒருத்தர் எழுதியது. சாக்கைப் பார்த்தே எழுத்துப் படித்த ஒருத்தர்.

திரும்பிப் பார்த்தேன். பெண்களுக்குப் பின்னால் நாத்தனார் நின்றிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

பெரியவர் குனிந்து ரெண்டையும் பார்த்தார். "இது அந்தக் கை இல்லப்பா. இந்தம்மா அறுக்காம போடுது. அது அறுந்து அறுந்து கீது."

"அப்ப யாருங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எழுதத் தெரிஞ்சவங்க எல்லாம் எழுதியாச்சு. வெளியூர்க்காரன் எவனாவது எழுதிட்டுப் போயிருப்பான்."

எழுதத் தெரியாதவள் கையில் குச்சியைக் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவள் கையில் மண்ணெண்ணெய் நாற்றம். தார்க்கறை போக அதுதான் மருந்து.

"இன்னாடி இது?"

"வெளக்குக்கு ஊத்தனேன் அண்ணி."

"பட்டப்பகல்ல இன்னாடி வெளக்கு?"

"சாயங்காலம் ஏத்தணும் இல்ல?" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவள் வயசுக்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். நன்றாகத்தான் இருந்தாள். ஒருமுறை சந்தவாசல் மண்டியில் அவர்கள் வீட்டுச் சாக்கைப் பார்த்தேன், தாரால் பேர் போட்டிருந்தது. யார் எழுதியது என்று கேட்டதற்கு, "வூட்ல தாங்க" என்று சிரித்தான் அவள் வீட்டுக்காரன். சுழி அறுந்துதான் இருந்தது. ஆனால் சாக்கில் யார் எழுதினாலும் அறுந்துதானே போகும்? அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவளிடம் நான் கேட்கவும் இல்லை.

அந்தப் பாறை இன்னும் வளைவில் இருக்கிறதாம். தார் லேசில் போகாது. நான் இப்போது அடிவாரத்தில் இருக்கிறேன், கண்ணும் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவு தூரம் ஏறவும் முடியாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, என் எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்தில் 'ண'வின் சுழி நிஜமாகவே சாக்கு எழுத்தைப் போலத்தான் அறுந்திருக்கிறதா, இல்லை அந்த ஒற்றுமையை நானாக நினைத்துக்கொண்டேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்.