மார்கழியில் வெட்டிய மல்லிகை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நல்லவர், பொறுமைசாலி, யார் வம்புக்கும் போகாதவர் என்று பலரும் இதில் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் வம்பு வீடு தேடி வந்தபோது அப்பா என்ன செய்தார் என்று யாரும் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ஸ்ரீரங்கத்தில். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு, மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. கால் வீங்கும், வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தச் சம்பளத்தில்தான் என்னையும் என் தம்பியையும் படிக்கவைத்தார்.

எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகு திருச்சி கே.கே. நகரில் வீடு கட்டினார். பக்கவாட்டில் கார் நிறுத்த இடம் விடச் சொன்னவர்களிடம், "கார் வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அங்கே மல்லிகை நட்டார். கூடவே கனகாம்பரம், செம்பருத்தி. கார் கடைசிவரை வரவில்லை. மூட்டுவலியால் அம்மாவுக்கு விரல் மடங்காமல் போனபோது, பூக்கட்டவும் கற்றுக்கொண்டார். அம்மா போன பிறகும் அதை விடவில்லை. கட்டி அம்மா படத்துக்குப் போடுவார்.

ஒரு கார்த்திகையில் என் கணவர் திடீரென்று இறந்துபோனார். நான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். மார்கழியில் ஒரு நாள் காலையில் அப்பா பெரிய கத்தரியை எடுத்துவந்து, மல்லிகைச் செடிகளையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினார். அப்போது அத்தை, அப்பாவின் அக்கா, எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்தார். அத்தையும் இளவயதில் கணவரை இழந்தவர்தான். அன்று எடுத்த பூவை மறுபடி அவர் தொட்டதில்லை.

"நல்ல காரியம் பண்ணினே தம்பி. பூவைப் பாத்துப் பாத்து அவ மனசு நோக வேண்டாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அப்பாவே என் தலைப்பூவை எடுத்துவிட்டார் என்று நான் உள்ளே போய் அழுதேன். அப்பா யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. குச்சிகளை வாரிப் போட்டுவிட்டு, செடிக்கு அடியில் எரு வைத்தார். மல்லிகையை மார்கழியில் வெட்டிவிட்டால்தான் கோடையில் பூக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பங்குனியில் துளிருக்குத் துளிர் மொட்டு விட்டது. திருச்சி வெயிலில் மனிதர்கள் வாடிக் கிடக்க, அது பாட்டுக்குப் பூத்துத் தள்ளியது. அப்பா ஒரு முழம் கட்டி என் கையில் கொடுத்தார்.

"வச்சுக்கம்மா. ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போறப்பவும் வச்சுக்கிட்டுப் போ."

அத்தை பதறிவிட்டார். "தம்பி, ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா இதுக்குத் தண்ணி ஊத்துச்சு? செடி பூத்திருக்கு. அவளுக்குத் தலை இருக்கு. நடுவுல நீயும் நானும் யாரு, அக்கா?"

அத்தை அன்று சாப்பிடாமலே ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டார். என் தம்பி கல்யாணத்தில் என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அப்பா நேராக வந்து ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தார். அதைப் பார்த்துப் பந்திக்கு வராமல் எழுந்து போனவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் சாப்பாடு மிச்சமானதைத் தவிர அன்று ஒரு கெடுதலும் நடக்கவில்லை. என் தம்பி நன்றாக இருக்கிறான்.

சென்ற சித்திரையில் அப்பா படுக்கையில் விழுந்தார். பேச்சு குறைந்துவிட்டது. மொட்டுகளைப் பறித்து மடியில் கொட்டினால் விரல்கள் மட்டும் கட்டிக்கொண்டே இருக்கும். அவர் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது ஒருவர் என் காதருகே வந்து, "இன்னைக்காவது தலைப்பூவை எடுத்துடேன்" என்றார். நான் எடுக்கவில்லை. அது முதல்நாள் அப்பா கட்டிக் கொடுத்தது.

வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த பழைய ஜவுளிக்கடை நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. போன மார்கழியில் செடிகளை நானே வெட்டினேன். பூத்திருக்கிறது. திதிக்கு வருகிறவர்களுக்குப் பூ வைத்த தலையோடுதான் பரிமாறுவேன். சங்கடப்படுகிறவர்கள் இலையைப் பார்த்துச் சாப்பிடலாம்.

போன வாரம் அத்தை வந்திருந்தார். தோட்டத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, "ஒரு முழம் கட்டு" என்றார். சாமி படத்துக்கா, அப்பா படத்துக்கா என்று கேட்டேன்.

"எனக்கு."

அந்த நரைத்த கொண்டையில் நான்தான் வைத்துவிட்டேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இதை நினைவு மலரில் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எழுதேன். நான் என்ன திருடியா வச்சுக்கிட்டேன்?"