போர்கினின் பதினான்கு உயிர்ப்புள்ளிகள்

நாற்பத்திரண்டு வயது டுவேன் கூஃபாலின் வாழ்க்கையில் நடந்த ஒரே முன்னேற்றம், போர்கின் ஏழாம் லெவலுக்கு வந்ததுதான். மற்றபடி விஸ்கான்சினின் சீஸ் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரம் பார்க்கும் அதே நாற்காலி. முத்திரை விழாத பாளம் ஒன்றுகூட அவனைத் தாண்டி லாரி ஏறியதில்லை.

போர்கின் ஒரு குள்ளன், கதை சொல்லி ஆடும் பகடை ஆட்டம் ஒன்றில் கோடரி வீரன். பகடை உருட்டி டுவேன் பெற்றெடுத்த பிள்ளை. குடியிருப்பது ஒரு தாளில். ஒன்பது வருடமாகச் சாகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் குறையும் உயிர்ப்புள்ளியை அழித்து அழித்து எழுதியதில் அந்த இடம் ஓட்டையாகி, பின்னால் டேப் ஒட்டியிருந்தது.

ஞாயிறு மதியம் ஊரே டிவியில் ஃபுட்பால் பார்க்கும்போது, பவுலிங் கூடத்தின் பின்னறையில் மூன்று பேர் ஆடுவார்கள். ஆட்டத்தை நடத்துவது டார்லா; குகை, பூதம், டிராகன் எல்லாம் அவள் பொறுப்பு. டுவேனும் மெர்லும் அவற்றிடம் அடி வாங்குவார்கள். டுவேனுக்கு ஆடுவதைவிட விதி சொல்வதில்தான் ருசி. தாளில் எழுதாத பொருள் கையில் இல்லை என்பது அவன் கொண்டுவந்த சட்டம். இரண்டு வருடம் முன்பு மெர்ல் ஆடிய மந்திரவாதி பள்ளத்தில் தொங்கியபோது, கயிறு வாங்கியதாக மெர்ல் சத்தியம் செய்தான்.

"எங்கடா எழுதியிருக்கு? காட்டு பாப்போம்," என்றான் டுவேன்.

எழுதவில்லை. மந்திரவாதி காலி. செத்தவனின் தாளை ஆடியவனே கிழித்துக் காபி டின்னில் போட வேண்டும். போட்டுவிட்டு மெர்ல் ஒரு மாதம் டுவேனோடு பேசவில்லை.

இந்த ஞாயிறு டிராகன் நெருப்பைக் கக்கியது. டார்லா பகடைகளைக் கூட்டினாள். இருபது. போர்கினிடம் மிச்சம் இருந்ததோ ஒன்பது.

"போயிட்டான்பா," என்று டின்னை நகர்த்தினாள்.

டுவேன் தாளையே பார்த்தான். விவாகரத்துத் தாளைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதை வெளியே சொன்னால் வருடம் முழுக்க ஓட்டுவார்கள்.

கடைசியாகப் பார்க்கத் தாளை வாங்கிய மெர்ல் துள்ளினான். "டேய், உடல்வலு பதினாறாடா இவனுக்கு? அப்போ லெவலுக்கு ரெண்டு புள்ளி கூட வருமே! நீ ஒரு தடவைகூட சேக்கலையேடா! ஏழு லெவலுக்குப் பதினாலு. உன் ஆளு சாகலைடா, இன்னும் மூணு புள்ளி இருக்கு!"

விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவனுக்கு முகம் சிவந்தது. டார்லாவுக்குச் சிரிப்பில் பீர் மூக்கில் ஏறியது.

"ஊருக்கெல்லாம் சட்டம் பேசுற மூஞ்சியப் பாரு! சரி, எழுதிக்கோ. நான் பாக்கல."

டுவேன் தாளைத் திரும்ப வாங்கி, பென்சிலை எடுத்தான். மெர்ல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், கயிற்றுக்குப் பழி தீர்ந்திருக்கும். இருக்கவில்லையே. பென்சிலை வைத்துவிட்டான்.

"எழுதலைல்ல? அப்போ இல்ல."

"லூசாடா நீ?" என்று மெர்ல் கத்துவதற்குள் டுவேன் கையில் தாள் நாலாகிவிட்டது.

புதுத் தாள் வந்தது. பகடை உருட்டினான். உடல்வலு ஆறு, புது ஆள் தும்மினால் செத்துவிடுவான். டுவேன் பொருள் பட்டியலுக்குப் போய், முதல் வரியில் கயிறு என்று எழுதினான். நூறு அடி.

"அம்பதடி போதும்டா. நூறு எதுக்கு?" என்றான் மெர்ல்.

"பாதி உனக்கு," என்றான் டுவேன், தலை நிமிராமல். "நீ எழுத மறந்துருவ."