பின்வாசலில் மூன்று ஞாயிறு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வக்கீல் வைப்பதில் நம்பிக்கை கிடையாது. பழுதை நேரில் பார்க்காதவனுக்கு அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி. ஆகவே குடும்ப நீதிமன்றத்தில் முன்னாள் மனைவியைக் குறுக்கு விசாரணை செய்ய அவனே எழுந்து நின்றான்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஆறு வயது மகளை நூலகத்தில் அவனிடம் விட வேண்டும் என்பது உத்தரவு. மூன்று வாரமாக அவள் விடவில்லை என்று அவமதிப்பு வழக்குப் போட்டிருந்தான். அவளோ, இவர் வருவதே இல்லை, உத்தரவையே ரத்து செய்யுங்கள் என்று பதில் மனு கொடுத்துவிட்டாள். இன்று தோற்றால் பிள்ளையைப் பார்ப்பதே போச்சு.

குறிப்பேட்டில் பதினொரு கேள்வி எழுதி வந்திருந்தான்.

"அஞ்சாம் தேதி பத்து மணிக்கு நீ எங்க இருந்தே?"

"மரியாதையா கேளுங்க," என்றார் நீதிபதி அம்மா.

"எங்க இருந்தீங்க?" பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவளை அப்படிக் கேட்க நாக்கு கூசியது.

"நூலகத்துல."

"பச்சைப் பொய்! பதினொரு மணி வரைக்கும் நான் அங்கதான் நின்னேன். ஈ காக்கா இல்ல."

"நாங்களும்தான் நின்னோம். முன்பக்கப் படிக்கட்டுல, கண்ணாடிக் கதவுகிட்ட."

முன்பக்கமா? மெக்கானிக் நின்றது பின்வாசலில். அந்த நூலகத்து லிஃப்டைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறான். கருவிப் பையோடு முன்பக்கம் போனால் வாட்ச்மேன் விரட்டுவார், அதனால் என்றைக்கும் பின்வாசல்தான். பை இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் கால் பாட்டுக்கு அங்கேயே போயிருக்கிறது! புத்தக வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, அவளைத் திட்டித் தீர்த்து, 'வரவில்லை' என்று மூன்று முறை எழுதி வைத்திருக்கிறான். ஒரு ஃபோன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். எங்கே போடுவது? ஒருவர் எண்ணை ஒருவர் பிளாக் செய்து வைத்திருந்தார்கள். வீம்பில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை.

"இன்னும் கேள்வி இருக்கா?" என்றார் நீதிபதி.

பத்து இருந்தது. ஒன்றும் உதவாது. எழுதி வராத ஒன்றைக் கேட்டான்.

"பாப்பா எவ்வளவு நேரம் நின்னா?"

அவள் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

"ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம். போன வாரம் கிளம்பலாம்னு சொன்னேன். 'அப்பா லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரும்மா, வா, போய்த் திறக்கலாம்'னு ஒரே அழுகை."

அவன் குறிப்பேட்டை மூடினான். தப்பு தன்னுடையது என்று நீதிபதியிடம் சொல்லி, மனுவை வாபஸ் வாங்கினான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கே முன்வாசல்ல நிப்பேன்."

"பத்து மணிக்கு வந்தா போதும்," என்றாள் அவள்.