அத்தானின் நல்ல பூஞ்சணம்

யுத்த காலத்தில் திருகோணமலைக்குள் யூரியா கொண்டுவர விடமாட்டார்கள். அதில் குண்டு செய்துவிடுவோமென்று ஆமிக்குப் பயம். மூதூரில் பசளையில்லாமல் பயிர் மஞ்சளடித்து நிற்க, துறைமுகத்தில் பெரிய கிளாக்கராக இருந்த என் அத்தான், அக்காவின் புருஷன், விறாந்தைச் சட்டிகளில் வளர்த்த அந்தூரியப் பூச்செடிகளுக்காகத் துக்கம் காத்தார். வயல்காரரைப் பற்றிக் கதைத்தால், "அது அவையின்ர பாடு" என்பார்.

அப்போது எனக்குக் கண்டியில் ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. துணைக்கு வந்த அத்தான், அங்கே விவசாயம் படிப்பித்த சிநேகிதரிடம் ஒரு பொட்டலம் வாங்கினார். மண்ணோடு கலந்த பூஞ்சணம். செடியின் வேரில் குடியேறி, வேர் எட்டாத இடத்திலிருந்தும் நீரும் சத்தும் இழுத்துக் கொடுக்குமாம்.

"வேரில படவேணும். மேல தூவிப் பிரயோசனமில்லை," என்றார் சிநேகிதர்.

அத்தான் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பொட்டலத்தைப் பிரித்த சிப்பாய்க்கு அத்தான் இங்கிலிஷில் ஒரு பிரசங்கமே செய்தார். அவனுக்கு இங்கிலிஷ் தெரியாது. வாயில் போட்டுக் காட்டச் சொல்லிச் சைகை செய்தான். கறியில் உப்புக் கூடினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடும் மனிதர், ஒரு சிட்டிகை மண்ணை மென்று விழுங்கினார். பூச்சட்டி மண்ணுக்குப் பயப்படும் ஒரு படை, அதற்கு விரிவுரை நடத்தும் ஒரு அத்தான். சிப்பாயின் கையில் துவக்கு இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "ஆமிக்கு வடிவா விளங்கப்படுத்தினனான். உடன விட்டிட்டான்," என்றார்.

மறுநாள் பொட்டலத்தை அந்தூரியச் சட்டிகளில் மேலாகத் தூவினார். இலைகளில் புள்ளி தெரிந்ததால் அதன்மேல் பங்கசுநாசினியையும் கரைத்து ஊற்றினார்.

"பூஞ்சணத்தைப் போட்டிட்டு, பூஞ்சணத்தைக் கொல்லுற மருந்தையும் ஊத்துறீங்களே, அத்தான்?"

"இது நல்ல பூஞ்சணம். மருந்து கெட்டதைத்தான் கொல்லும்."

"மருந்துக்கு அது எப்பிடித் தெரியும்?"

"உனக்கு விளங்காது."

பொட்டலத்தின் அடியில் மிஞ்சியதை அக்கா எடுத்துக்கொண்டாள். குசினி வாசலில் பழைய பெயின்ற் வாளிகளில் புதிதாகக் குரோட்டன் நட்டபோது, குழியில் அதைப் போட்டு வேரை மேலே வைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

வறண்ட கச்சான் காற்று அடித்துக் கிணறு வற்றியது. சட்டிகளுக்கும் வாளிகளுக்கும் கிடைத்தது பாத்திரம் கழுவின தண்ணீர்தான். அந்தூரிய இலைகள் கருகிச் சுருண்டன. குரோட்டன்களோ புதுத் துளிர் விட்டன.

அத்தான் குசினி வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"பாத்தியா? என்ர சட்டியிலயிருந்து இங்க பரவியிருக்கு."

"ஓம்," என்றாள் அக்கா, அரிசி களைந்தபடி.

அன்று பின்னேரமே வாளிகள் விறாந்தைக்குப் போயின. வருகிறவர்களுக்கெல்லாம் அத்தான் தன் குரோட்டன்களைக் காட்டி, வேர்ப் பூஞ்சணம் பற்றி இங்கிலிஷில் விளக்கினார். அவர்கள் எழுந்து போகும்வரை அக்கா உள்ளேயிருந்து தேத்தண்ணி அனுப்பிக்கொண்டிருந்தாள்.