எஞ்சின் மேல் குற்றமில்லை

பழைய பந்தய பைக்குக்கு, உதைத்து ஸ்டார்ட் செய்கிற கிக்கர் கிடையாது. எடை குறையட்டும் என்று என்றைக்கோ கழற்றி எறிந்திருப்பார்கள். ஓட்டுகிறவன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் ஒருத்தன் தம் கட்டித் தள்ள வேண்டும். வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் எஞ்சின் உயிர் பிடிக்கும். எங்கள் வண்டிக்கு ஓட்டுகிறவன் நான், தள்ளுகிறவன் அவன். மார்த்தாண்டத்தில் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன்; களியக்காவிளை ரோட்டில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். நான் பெயின்ட் கடைக்காரன். ரெண்டு பேருக்கும் வயசு ஐம்பது தாண்டிவிட்டது, புத்திதான் இன்னும் வந்து சேரவில்லை என்பாள் என் வீட்டுக்காரி.

ஒரு காலத்தில் சோழவரம் பந்தயத்தில் ஓடிய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. ஆக்கர் கடையில் பழைய இரும்போடு துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, எஞ்சினை அவன் தன் கையாலேயே மறுபடி செய்தான். மழை முடிந்து ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாசத்தில், வடக்கே ஒரு எஸ்டேட்டின் மலைப்பாதையை ரெண்டு நாள் அடைத்து, இப்படிப்பட்ட பழைய வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே விரட்டி நேரம் பார்ப்பார்கள். பெரிய திருவிழாதான். லெதர் ஜாக்கெட்டுக்குள் அடங்காத தொப்பைகள், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விற்கிற பந்தல், ரப்பர் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி. நான் ஒரு வருசமும் உருப்படியாக ஜெயித்ததில்லை. ஆனால் எங்கள் எஞ்சின் நடுவழியில் நின்றதே இல்லை. மற்றவன் வண்டி எல்லாம் பாதியில் செத்து, கயிறு கட்டி இறங்கி வரும். கொச்சியிலிருந்து வந்தவர்கள்கூடத் தேடி வந்து, இந்த எஞ்சினைச் செய்தது யார் என்று கேட்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைப்பான். அந்தப் பேரைக் கேட்டுத்தான் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள்.

போன வருசம் ஒரு கல்யாணப் பந்தியில் அவன் ஸ்பூனால் சோறு தின்றான். துரை வந்திருக்கிறார், கத்தியும் முள்ளும் கொண்டு வாருங்கள் என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கிண்டலடித்தேன். அவனும் சிரித்தான். கை கழுவப் போன இடத்தில் வலது கையை விரித்துக் காட்டினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்கிற இடம் குழிந்து கிடந்தது. திருவனந்தபுரத்தில் பார்த்தாயிற்றாம். நரம்பு வியாதி. மருந்து இல்லை. இந்தக் கை போகும், பிறகு அந்தக் கை, பிறகு தொண்டை. எனக்கு சங்கடம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். டாக்டரைத் திட்டினேன், அவ்வளவு தூரம் பஸ்ஸில் போனதற்கு அவனைத் திட்டினேன், பந்தியில் வைத்த பாயசத்தைக்கூடத் திட்டினேன்.

அவன் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். யாருக்கும் தெரிய வேண்டாம். மகள் நர்சிங் படிக்கிறாள், இன்னும் ரெண்டு வருசம் இருக்கிறது. அதுவரை ஒர்க்‌ஷாப் நடந்தாக வேண்டும். கை போன மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான்? ஆட்கள் போன பிறகு அவளே வந்து, அவன் சொல்லச் சொல்ல நட்டு முறுக்கினாள். நைட்டி முழுக்க கிரீஸ்.

இந்த வருசம் திருவிழாவுக்கு முன்னால் அவன் சொன்னான்: “நான் ஓட்டுகேன். நீ தள்ளு.”

உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு என்று ஏசினேன். அவன் அசரவில்லை.

“அடுத்த வருசம் எனக்குத் தள்ளவும் ஏலாது, ஓட்டவும் ஏலாது மக்கா. இந்த ஒரு தடவதான்.”

அதற்கு மேல் என்ன பேச? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தேதான் சரி என்றேன்.

அன்று காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. ரோட்டில் விழுந்திருந்த ரப்பர் இலையைக் கூட்டித் தள்ளியிருந்தார்கள். அடிவாரத்துச் சமதரையில் அவனை உட்கார வைத்துத் தள்ளினேன். தள்ளுகிறவன் பாடு என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. எஞ்சின் பிடித்தது. அவன் குனிந்தான், போனான். முதல் வளைவு, ரெண்டாவது வளைவு, சத்தம் கண்ணாடி மாதிரி சுத்தமாக ஏறியது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மூணாவது வளைவுக்கு அப்பால் சத்தம் இறங்கத் தொடங்கியது. கோளாறு வந்த எஞ்சின் இருமும், வெட்டும். இது அப்படி இல்லை. ஆக்சிலேட்டரை யாரோ மெல்ல மெல்ல மூடுகிற மாதிரி தேய்ந்து, பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஓடினேன். மலைச் சரிவை ஒட்டி வண்டியைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தான். விழவில்லை. வலது கை தொங்கிக் கிடந்தது.

“ஆக்சிலேட்டரத் திருக்கிப் பிடிச்சேன் மக்கா. அதுவா திரும்பி வருது. கைக்குச் சொன்னா கேக்க மாட்டேங்குது.”

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன். முகம் முழுக்க வியர்வை. அப்போதுதான் மரத்தில் இருந்த ஒலிபெருக்கி, எஞ்சின் கோளாறு காரணமாக வண்டி பாதியில் நின்றுவிட்டது என்று அறிவித்தது. ரேடியோத் தமிழில் ஒரு இளவட்டம். அவனுக்கு என்ன தெரியும், வண்டி நின்றால் எஞ்சின் என்று நினைத்திருப்பான். கர்த்தர் காப்பாற்றினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இருக்கட்டும், கையைப் பற்றி இனி ஒருத்தனும் கேட்க மாட்டான் என்றேன்.

அவன் முகம் மாறிப்போனது.

“எஞ்சின் நிக்கல்ல. நான்தான் விட்டுட்டேன். போய் மாத்திச் சொல்லு.”

“லேய், பிள்ள படிச்சு முடிக்கண்டாமா?”

“இத்தன வருசத்துல நான் செஞ்சதுன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு, கேட்டியா? சாவப்போறது நான். அதுக்க மேல எதுக்குப் பழி?”

என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். மகளைச் சொன்னேன், மனைவியைச் சொன்னேன். நீ சொல்லாவிட்டால் நான் நடந்து போய்ச் சொல்வேன் என்றான். மேட்டில் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. வண்டியைத் திருப்பி, அவனைப் பின்னால் உட்கார வைத்து, சத்தமே இல்லாமல் உருட்டிக்கொண்டு இறங்கினேன். அவன் தாடை என் தோளில் கிடந்தது.

கீழே போய், அறிவித்தது தப்பு என்றதும் மைக்கை என் கையில் தந்துவிட்டார்கள். மைக் என்றால் எனக்கு எப்போதும் பயம். வண்டிக்கு ஒன்றும் இல்லை, ஓட்டினவனுக்குக் கைநரம்பில் சுகமில்லை, எஞ்சின் மேல் குற்றமில்லை என்றேன். எவனோ ஒருத்தன் கை தட்டினான். அவனைச் செவிட்டில் அறைய வேண்டும் போலிருந்தது. பிறகு ஆளாளுக்கு வந்து அவன் வலது கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, எஞ்சினைப் பற்றி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் நின்ற அவன் மனைவி அவனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: “அண்ணா, நீங்களாவது சும்மா இருந்திருக்கலாம்.”

ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்த வண்டிகளை எடுக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் கொடுமை. ஊருக்குப் போகிறேன் என்றான் ஒருத்தன், மச்சான் வண்டியைக் கேட்கிறான் என்றான் இன்னொருத்தன். பழங்கள் வாங்கி வந்தார்கள். அவன் நாற்காலியில் இருந்து சாவியைக் காட்டுவான், நான் எடுத்துக் கொடுப்பேன். கடைசியாக ஒரு புல்லட் இருந்தது. அந்த வண்டி பிறந்ததிலிருந்து அவன் கை மட்டுமே பட்ட வண்டி. அந்த ஆள் பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு அதையும் உருட்டிக்கொண்டு போனார்.

புல்லட் போன திசையைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்: “வந்தவனுவ யாராவது நம்ம எஞ்சினக் குறை சொன்னானுவளா?”

இல்லை, ஒருத்தனும் சொல்லவில்லை என்றேன். அது நிஜம்தான்.

“அப்பச் செரி. ஷட்டர இழுத்து விடு.”

பகல் பதினொரு மணிக்கு இழுத்துப் பூட்டினேன்.