தாய்மாமனுக்கு ஒரு நேர்கோடு

காகிதத்தில் நான் முதலில் போட்ட வட்டம் அம்மாவுடையது. என்னுடையதைப் போட மறந்தே போனேன். எதிரில் இருந்த மனநல ஆலோசகர் அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். நெருக்கத்துக்கு இரட்டைக்கோடு, சண்டைக்கு நெளிகோடு, பேச்சு நின்றுபோயிருந்தால் நடுவில் வெட்டிய கோடு. குடும்பத்தை இப்படி வரைந்து காட்டச் சொன்னார்.

நான் அங்கே போனதே ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டுதான். நார்சிசிஸ்ட். தன்னை மட்டுமே நடுவில் வைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரைப் பற்றி போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, எல்லாம் புரிந்துவிட்டதென்று கிளம்பியிருந்தேன். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அம்மாவுக்குத் தலைவலி. எனக்கு வேலை கிடைத்த அன்று நெஞ்சுவலி. என் கல்யாணத்தன்று மேடையிலேயே மூன்று முறை மயக்கம். கல்யாண வீடியோவில் என் கழுத்தில் தாலி ஏறியதைவிட அம்மா சோடா குடித்ததுதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஆலோசகர் கன்னடக்காரர். பெங்களூரில் அல்சூர் பக்கம் வளர்ந்தவர் என்பதால் நன்றாகத் தமிழ் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பேரு இருக்கட்டும் மேடம். அத வெச்சு அவங்கள திட்டலாம், அவ்ளோதான். இதுல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாக்கலாமா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் திட்டத்தானே போயிருந்தேன்.

விட்டுப்போன என் வட்டத்தையும் சேர்த்து வரைந்தேன். அப்பா காலமாகிவிட்டதால் அவர் சதுரத்தில் ஒரு பெருக்கல் குறி. தம்பிக்கும் அம்மாவுக்கும் இரட்டைக்கோடு, நன்றாக அழுத்தி. அவன் செல்லப்பிள்ளை. எனக்கும் தம்பிக்கும் நடுவே வெட்டிய கோடு. ஏன் என்று கேட்டார், சொன்னேன்.

எங்கள் வழக்கத்தில் குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். அவரை வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். போனில் சொல்வது மரியாதையில்லை. ஆறு வருடத்துக்கு முன் என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, அவளுக்குக் காய்ச்சல். "நீ கொழந்தைய பாத்துக்க, நான் போய் அழைச்சிட்டு வரேன்" என்று அம்மா தட்டை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "வரமாட்டானாம். என்னாத்துக்கு வரணும்னு கேக்கறான்" என்றாள். என் கணவருடைய சித்தப்பா மகன் மடியில்தான் மகள் உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லாரும் தாய்மாமன் எங்கே என்று கேட்டார்கள். அன்று பட்ட அவமானத்தில் தம்பியோடு பேச்சை விட்டேன். அவனும் கூப்பிடவில்லை.

"வரமாட்டேன்னு அவரு உங்ககிட்ட சொன்னாரா?"

"அம்மா சொன்னாங்க."

"அப்ப இந்த ஜகளா, இந்தச் சண்ட யாரோடது? உங்களோடதா, அவரோடதா?"

காகிதத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் தம்பி என்னைப் பற்றி என்ன சொன்னான் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியவர்களான பிறகும் அப்படித்தான். எங்கள் இருவருக்கும் இடையே நேராக ஒரு கோடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வெட்டுவதற்கும் ஒரு கோடு வேண்டுமே! அந்தப் படத்தில் நான் செய்த முதல் தப்பு அது.

ஒரு வாரம் அந்த ஆலோசகர்மேல் கோபமாக இருந்தேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அதற்குள் என் மகனுக்குப் பதினோரு மாதம் ஆகிவிட்டது, காது குத்த வேண்டும். மர்பி டவுனிலிருந்து அம்மா போன் செய்தாள். "தட்ட எடுத்து வை. தம்பிகிட்ட நானே போய் சொல்லிட்டு வரேன்."

"வேணாம்மா. நானே போறேன்."

"என்மேல நம்பிக்க இல்லயா ஒனக்கு?" போனை வைத்துவிட்டாள். தட்டை நானே கழுவி எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்திலிருந்து விவேக் நகருக்கு ஆட்டோவில் போனேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்த தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவன் அசையவில்லை. அவன் மனைவிதான், "வாங்க அண்ணி" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன் பெரிது. தட்டு வாசலிலேயே நின்றிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன்.

"போன தடவ என்னைய கூப்பிட வேணாம்னுட்ட. இப்ப என்னா?" என்றான் தம்பி.

"யார்ரா சொன்னா?"

"அம்மா சொல்லுச்சு. அவன் மடியில என் பொண்ண ஒக்கார வெக்க மாட்டேன்னு நீ சொன்னியாம்."

பேங்கிலிருந்து என்று போன் வந்தால் பத்துக் கேள்வி கேட்கிற நாங்கள், இதை ஆறு வருடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பியிருக்கிறோம்.

பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான். அவனுக்கும் அம்மாவுக்கும் நான் அழுத்திப் போட்டிருந்த இரட்டைக்கோட்டின்மேல் விரலை வைத்தான். "இது தப்பு. பேனா இருக்கா?" வாங்கி, அதன்மேலேயே நெளிகோடு போட்டான். "என்னைய செல்லம்னு நெனச்சிட்டியா? அக்கா மாதிரி படிக்கல, அக்கா மாதிரி சம்பாரிக்கலன்னு தெனமும் பேச்சுக்கா."

தம்பி மாதிரி உனக்குப் பாசம் இல்லை என்றுதான் எனக்கு தினமும் பேச்சு. அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்த வீட்டில் அடிபட்டது நான் ஒருத்திதான் என்று முப்பத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தேன். துணைக்கு ஒருவன் இருந்திருக்கிறான். அவன் போட்ட நெளிகோட்டுக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

அம்மன் கோயிலில் காது குத்தினோம். தம்பி மடியில் மகன் வீறிட்டான். "எனக்கும் இந்த மாமா மடியிலதான் குத்துனீங்களா?" என்று என் மகள் கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் தம்பி அவளையும் இழுத்து இன்னொரு தொடையில் உட்கார வைத்துக்கொண்டான். முன்வரிசையில் பட்டுப்புடவையோடு இருந்த அம்மாவுக்கு அப்போது மூச்சு வாங்கியது. முன்பென்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடியிருப்போம். தம்பி மனைவி தண்ணீர் கொடுத்து விசிறினாள். ஆசாரி அடுத்த காதையும் குத்தி முடித்தார். அம்மாவும் கொஞ்ச நேரத்தில் எழுந்து சாப்பிடப் போனாள். அவள்மேல் எனக்கு அன்று கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

இரண்டு நாள் கழித்து, நான் ஆபீசில் இருக்கும்போது தம்பி போன் செய்தான்.

"அக்கா, அம்மா பேசுச்சு. நான் புள்ளைக்குப் போட்ட தோடு சின்னதா இருக்குன்னு நீ சொன்னியாம்?"

"சொல்லலடா."

"சரி. அத ஒன்கிட்டயே கேட்டுட்லாம்னுதான் போன் பண்ணேன்."

மூக்கை உறிஞ்சினேன். "அழாதக்கா, சாப்டியா?" என்றான்.